இரண்டாம் பக்கத்தை மாற்றியது பற்றி

இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. எனக்கு வயது 46. புள்ளியியலில் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறேன். கணவர் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் வரைவாளராக இருக்கிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நான் அதே தலைப்பில் குறிப்பிட்டுள்ள கல்லூரியில் பத்தொன்பது வருடங்களாகப் பாடம் நடத்தி வருகிறேன். கடந்த ஆறு வருடங்களாகக் கல்லூரி நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலராகவும் இருந்து வருகிறேன். இன்று 25ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கீழ்க்கண்டவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் மனிதர்களை வைத்து யார் ஆய்வு செய்தாலும் முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற வேண்டும். ஆய்வுக்கு வருகிறவருக்கு என்ன செய்யப் போகிறார்கள், அதனால் என்ன தொந்தரவு வரலாம் என்பதை ஒரு ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்து, அவர் படித்துச் சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகே ஆய்வைத் தொடங்கலாம். அந்தப் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் குழுவின் முத்திரை இருக்கும். முத்திரை என் மேசை டிராயரில் இருக்கும். சாவி என்னிடம் மட்டுமே உண்டு.

குழுவில் ஏழு பேர். அவர்களில் ஒருவர் படிப்புத் துறையைச் சாராத வெளி ஆளாக இருக்க வேண்டும் என்பது விதி. அவர் இல்லாமல் கூட்டம் நடத்தக் கூடாது. எங்கள் குழுவில் அந்த இடத்தில் இருப்பவர் கல்லூரி வாசலுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அம்மையார். நான் அவரை அக்கா என்று அழைப்பேன். ஒப்புதல் படிவத்தை அவர் கூட்டத்தில் சத்தமாகப் படிப்பார். புரியாத இடம் வந்தால் பேனாவால் எழுத மாட்டார். துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்கட்டியைப் பையிலிருந்து எடுத்து அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்த படிவம் திரும்பிப் போகும். ஆறு வருடங்களில் கோடு விழாமல் தப்பிய படிவம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

முழுவதும் படித்து முடித்த பின் அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பார். "எல்லாம் சரி, முடிஞ்சதும் இவங்க வீட்டுக்கு எப்படிப் போவாங்க?" கேள்வித்தாள் நிரப்பும் ஆய்வாக இருந்தாலும் கேட்பார். குழுவில் உள்ள மருத்துவர், "பறந்தா போவாங்க, வந்த மாதிரியே போவாங்கம்மா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ரத்தம் எடுக்கும் ஆய்வு ஒன்றில் அவர் அப்படிக் கேட்ட பிறகுதான், எடுத்து முடித்ததும் அரை மணி நேரம் உட்கார வைத்து அனுப்ப வேண்டும் என்று சேர்த்தோம். அதை யாரும் பிறகு பேசியதில்லை.

இம்மாதம் 4ஆம் தேதி புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்திருந்தேன். கண் பரிசோதனைத் துறை உதவிப் பேராசிரியரின் ஆய்வு அன்று பட்டியலில் இருந்தது. எப்போதும் ஓட்டமாகவே வருவதால் அவரைப் புயல் என்று எல்லோரும் கூப்பிடுவோம். நாள் முழுவதும் அச்செழுத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்களின் கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, உள்ளே படம் எடுப்பது அந்த ஆய்வு. நாற்பது பேர் வேண்டும், கல்லூரி ஊழியர்களையே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்.

அன்று இரண்டரை மணிக்குத் தையல்கார அக்கா போன் செய்து, "இன்னிக்கு மட்டும் என்னை விட்டுடும்மா. ஸ்கூல் திறக்கப் போறாங்க, நூத்தைம்பது சட்டைக்குக் காலர் பாக்கி. அடுத்த வாரம் வை, நானே டீயும் வாங்கித் தரேன்" என்றார். நான் சரி என்றேன். ஆனால் கூட்டத்தைத் தள்ளி வைக்கவில்லை. புயல் அறை வாசலில் நின்றுகொண்டு, தன் மாணவிகளுக்கு ஆய்வேடு கொடுக்க ஒன்பது வாரமே இருப்பதாகச் சொன்னார். "மேடம், சொட்டு மருந்துதானே. விஷமா ஊத்தப் போறேன்?" என்றார். மற்ற உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் கூட்டத்தைத் தொடங்கினேன்.

அன்று அந்தப் படிவத்தை யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில், "சிறிது நேரத்திற்குப் பார்வையில் அசௌகரியம் ஏற்படலாம்" என்று மட்டும் இருந்தது. மருத்துவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "நாலஞ்சு மணி நேரம் கூசும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை. அந்த ஆய்வுக்கு அனுமதி கொடுக்க எங்களுக்கு ஆறு நிமிடம் ஆனது. பிறகு தேநீர் வந்தது.

அதன் பிறகு 6ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் கூட்டக் குறிப்பை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனேன். வந்தவர்கள் பட்டியலில் அக்காவின் பெயரையும் தட்டச்சு செய்திருந்தேன். அவர் மிஷினில் இருந்தார். தாளை மிஷின் பலகை மேல் வைத்தேன். காலை மிதியிலிருந்து எடுக்காமலே, "நீ படிச்சியா?" என்று கேட்டார். படித்தேன் என்றேன். "அப்போ சரி" என்று கையெழுத்துப் போட்டார். ஊசி நிற்கவில்லை. அவருடைய கையெழுத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் நடுங்கியிருப்பது அதனால்தான். அதை இப்போதும் தாளில் பார்க்கலாம். அதன் பிறகு படிவத்தின் மூன்று பக்கங்களிலும் முத்திரை வைத்துப் புயலிடம் கொடுத்தேன்.

17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு நூலக உதவியாளரான பெண்மணி என் அறைக்கு வந்தார். இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுள்ளவர் அவர்தான். அவரைப் பதினொரு வருடங்களாகத் தெரியும். நான் கேட்கும் புத்தகத்தை அட்டை நிறத்தை வைத்தே எடுத்துக் கொடுப்பார். கையில் படிவத்தை வைத்திருந்தார். "மேடம், கண்ணுல மருந்து விடறாங்களாமே, பயமில்லையே? அடியில உங்க பேர் போட்டிருக்கு, அதான் கேட்டுட்டுப் போலாம்னு" என்றார். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பங்கேற்பவருக்குச் சந்தேகம் இருந்தால் உறுப்பினர் செயலரைத் தொடர்பு கொள்ளலாம் என்று என் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஆறு வருடத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு என்னிடம் வந்த முதல் ஆள் அவர். நான் மதிப்பெண் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணும் பயமில்ல, போயிட்டு வாங்க" என்றேன். "நீங்க சொன்னா போதும் மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பதினோரு மணிக்குச் சொட்டு மருந்து விடப்பட்டதும், பன்னிரண்டே கால் மணிக்குச் சோதனை முடிந்ததும் ஆய்வுப் பதிவேட்டில் உள்ளன. அன்று அவருக்குப் பிற்பகல் விடுப்பு. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரத் தன் ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறார். பன்னிரண்டு நாற்பதுக்குக் கடைத்தெரு திருப்பத்தில், பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்துகொண்டிருந்த கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் மீது வண்டி மோதியது. இருவரும் விழுந்தார்கள். உதவியாளருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர் 20ஆம் தேதி காலை மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு அறுபத்து மூன்று வயது என்று செய்தித்தாளில் பார்த்தேன். அவரை நான் பார்த்ததில்லை. எங்கள் படிவம் எதிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

விபத்து நடந்த இடத்திலேயே நூலக உதவியாளர், "வெயில் மூஞ்சியில அடிச்சுது, எல்லாம் வெள்ளையா ஆயிடுச்சு, ஆளே தெரியல" என்று சொன்னதாகவும், கல்லூரியில் கண்ணில் மருந்து விட்டதைச் சொன்னதாகவும் அறிகிறேன். அதனால் 18ஆம் தேதி புதன்கிழமை காலை காவல் நிலையத்திலிருந்து கல்லூரிக்கு அந்த ஆய்வின் தாள்களைக் கேட்டுக் கடிதம் வந்தது.

அன்று பதினொன்றரை மணிக்கு முதல்வர் என்னைக் கூப்பிட்டார். அறையில் புயலும் இருந்தார். அன்று அவர் உட்கார்ந்திருந்தார். முதல்வர் படிவத்தைப் படித்துவிட்டு, வண்டி ஓட்டக் கூடாது என்று ஏன் இதில் இல்லை என்று கேட்டார். கூட்டத்தில் பேச்சு வந்தது, எழுத விட்டுப்போயிற்று என்று சொன்னேன். "நம்ம மனசுல இருந்ததுதானே மேடம். பேப்பர்ல வராம போச்சு, அவ்வளவுதான். விட்டுப்போனதைச் சேக்கறதுல என்ன தப்பு?" என்றார் முதல்வர். பங்கேற்றவர்களுக்கு நகல் கொடுத்திருக்கிறோமே என்றேன். "யாரு அதை வச்சிருக்கப் போறா? டிபன் டப்பாவுக்கு அடியில விரிச்சிருப்பாங்க" என்றார். யாரும் என்னை மிரட்டவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. நான் எழுந்து போயிருக்கலாம்.

அதன் பிறகு நான் என் அறைக்கு வந்து இரண்டாம் பக்கத்தைத் தெரிந்தே மாற்றினேன். ஏற்கெனவே இருந்த வரிக்குக் கீழே, "ஆய்வு முடிந்த பின் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. வீடு திரும்ப வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்" என்று சேர்த்தேன். முதல்வர் சேர்க்கச் சொன்னது முதல் வாக்கியம் மட்டுமே. இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. தாள் உண்மையானதாகத் தெரிய வேண்டும் என்று நானே எழுதினேன். தையல்கார அக்கா இருந்திருந்தால் அப்படித்தான் எழுத வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தேதி வரை பதினொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். பங்கேற்பவரின் கையெழுத்து மூன்றாம் பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் வாங்க வேண்டும் என்று விதியில் இருந்தாலும் நாங்கள் வாங்குவதில்லை. அதனால் பதினொரு படிவங்களின் பின்னையும் பிடுங்கி, பழைய இரண்டாம் பக்கத்தை எடுத்துவிட்டு, புதியதில் முத்திரை வைத்து நடுவில் செருகி மறுபடி பின் அடித்தேன். இன்ஸ்பெக்டர் கையில் உள்ள படிவங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முதல் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் நான்கு ஓட்டைகள் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் இரண்டு மட்டுமே இருக்கும். அதன் பிறகு கூட்டக் குறிப்பின் கடைசித் தாளை மறுபடி அச்சு இயந்திரத்தில் விட்டு, கையெழுத்துகளுக்கு மேலே இருந்த வெற்றிடத்தில், "துறை சாராத உறுப்பினர் கேட்டுக்கொண்டபடி, வண்டி ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை படிவத்தில் சேர்க்கப்பட்டது" என்று ஒரு வரி அச்சிட்டேன். இந்த வேலை முழுவதும் முடிய ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆனது.

19ஆம் தேதி தாள்கள் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டன. 20ஆம் தேதி மாலை நூலக உதவியாளர் கைது செய்யப்பட்டார். எச்சரிக்கையைப் படித்துக் கையெழுத்திட்டும் வண்டி ஓட்டி ஓர் உயிர் போகக் காரணமாக இருந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு என்று கல்லூரியில் சொன்னார்கள். அப்படி எதுவும் தாளில் இல்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆசிரியர்கள் அறையில் ஒருவர், "படிச்சவங்க நடுவுலயே இருந்தும் ஒரு பேப்பரைப் படிக்கத் தெரியல பாரு" என்றார். நான் அங்கே இருந்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

23ஆம் தேதி திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு நூலக உதவியாளரின் கணவர் என் அறைக்கு வந்தார். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கிழிந்த புத்தகத்துக்கு நூலகத்தில் போடும் கண்ணாடித்தாள் உறை ஒன்றிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். அவர் மனைவிக்குக் கொடுக்கப்பட்ட நகல் அது. நான்கு மூலையும் மடங்காமல் இருந்தது.

"சந்தேகம் இருந்தா இவங்களக் கேக்கலாம்னு உங்க பேர் போட்டிருக்கு மேடம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். வண்டி ஓட்டக் கூடாதுன்னு இதுல எங்க இருக்கு? நாலு தடவை படிச்சுட்டேன். எனக்குத்தான் கண்ணு தெரியலையான்னு பாருங்க" என்றார். அவர் குத்திக்காட்டிப் பேசவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துச் சொல்கிறேன், தாளை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். வேறு நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டேன். எதற்காக அதைக் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். "இல்ல மேடம், உங்ககிட்ட இருந்தா போதும்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "அவ இல்லாம பொண்ணுக்கு நான்தான் தலை பின்னி விடறேன். கோணலா இருக்குன்னு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

என் மேசைக்கு அடியில் காகிதம் நறுக்கும் இயந்திரம் இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு எந்த எண்ணமும் வரவில்லை என்று சொன்னால் அது பொய். அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுற்றி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். தாள்களை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று ஒரே கணக்கைக் கரும்பலகையில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன். மாணவிகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

நேற்று 24ஆம் தேதி மதியம் அந்த நகலை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போய் அக்காவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். கூட்டத்துக்கு வராதவர் வந்ததாக நான் எழுதியது தெரிந்தால் அவரையும் விசாரிப்பார்கள் என்றேன். "நான் வந்திருந்தேன்னு சொன்னா உனக்கு நல்லதாம்மா? சொல்லு, சொல்லிடறேன். எனக்கென்ன, மிஷினைத் தூக்கிட்டுப் போகவா போறாங்க?" என்றார். நான் நகலைப் பையிலிருந்து எடுத்தேன். பிறகு, "குடு அதை" என்று நகலை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் படிப்பது போலவே முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். துணி வாங்க வந்த ஒரு பெண்ணை, "இரும்மா, முடிச்சுட்டு வரேன்" என்று உட்கார வைத்துவிட்டுத் தொடர்ந்து படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். "அசௌகரியம்னா என்னது? பல்லு வலியா, மாமியாரா?" என்றார். காத்திருந்த பெண் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. பழக்கத்தில் கை சாக்கட்டியை எடுத்து அந்த வார்த்தையின் மேல் கோடு இழுத்துவிட்டது. நான் தாளைப் பிடித்து இழுத்தேன். துடைத்தும் முழுதாகப் போகவில்லை. அதன் பிறகு அவர் என்னைப் பார்த்து, "இதை நான் கேட்டிருப்பேனே டீச்சர்" என்றார். ஆறு வருடத்தில் அவர் என்னை டீச்சர் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

இன்று காலை நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஒரு வாரமா நீ சாப்பிடற லட்சணத்தைப் பாத்துட்டுத்தான் இருக்கேன். போய்ச் சொல்லிட்டு வா" என்றார். வேலை போகலாம், உள்ளேயும் வைக்கலாம் என்றேன். "பொண்ணை நான் பாத்துக்கறேன்" என்றார். அதன் பிறகு கல்லூரிக்குப் போய் டிராயரைத் திறந்து, தேவையானவற்றை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

நூலக உதவியாளருக்குக் கொடுக்கப்பட்ட மூன்று பக்க நகலைக் கண்ணாடித்தாள் உறையுடன் ஒப்படைக்கிறேன். அதன் இரண்டாம் பக்கத்தில் உள்ள நீலக் கோடு நேற்று போடப்பட்டது. கையெழுத்திட்ட நாளில் அது இல்லை. நான் பிடுங்கி எடுத்த பழைய இரண்டாம் பக்கங்கள் பதினொன்றையும் ஒப்படைக்கிறேன். அவற்றைக் கிழிக்கும்படி முதல்வர் சொல்லியிருந்தார். நான் கிழிக்கவில்லை. டிராயரின் சாவியையும் முத்திரையையும் ஒப்படைக்கிறேன். வண்டி ஓட்டக் கூடாது என்று நூலக உதவியாளருக்கு எழுத்திலும் சொல்லப்படவில்லை, வாயாலும் சொல்லப்படவில்லை. பயமில்லை என்று மட்டும் சொல்லப்பட்டது. சொன்னது நான். தையல் கடை அம்மையார் 4ஆம் தேதிக் கூட்டத்துக்கு வரவில்லை. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டது தவிர அவருக்கு இதில் வேறு எந்தப் பங்கும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல நிலைய எழுத்தர் எழுதினார். எழுதி முடித்த பின் முதல் வரியிலிருந்து கடைசி வரை எனக்குப் படித்துக் காட்டினார். அவர் எழுதியதன் நான்காம் பக்கத்தில், படிவத்தின் இரண்டாம் பக்கத்தை "தவறுதலாக" மாற்றினேன் என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை என்றேன். "உங்க நல்லதுக்குத்தான் போட்டேன் மேடம், இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். அதை அடித்துவிட்டு "தெரிந்தே" என்று எழுதச் சொன்னேன். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அதன் பிறகு அடித்து எழுதினார். அடித்த இடத்தின் பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

படிக்கக் கேட்டேன். நான் சொன்னவை மட்டுமே இதில் இருக்கின்றன. அவை அனைத்தும் நடந்தவை. பக்கங்கள் ஆறு. கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் போதும் என்று எழுத்தர் சொன்னார். ஆறு பக்கங்களின் அடியிலும் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)
25ஆம் தேதி, பிற்பகல் 1.50 மணி